கரிய மணலும் வெள்ளைக் கொக்கும்: நிக்கோன் டி750இன் ஒளிமானி

கொக்கிளாய்க் களப்பின் தெற்கே, புல்மோட்டைக் கரையில் இல்மனைட் மணல் கன்னங்கரேலென்று கிடக்கும். 1951இல் பறவைகள் சரணாலயமான களப்பிலோ மத்தியான வெயிலில் தண்ணீர் கண்ணைக் கூசவைக்கும். போதாக்குறைக்கு வெள்ளைக் கொக்குகள். ஒளிமானிக்கு இரண்டுமே வில்லங்கம்.

நிக்கோன் டி750 வந்தது 2014இல். 1983இல் இதே நிறுவனத்தின் எஃப்ஏ கமரா காட்சியை ஐந்து துண்டாக்கி அளந்தது. டி750 அதற்கென 91,000 பிக்சல் சென்சரையே வைத்திருக்கிறது. ஆனாலும் பழைய குணம் முற்றாகப் போகவில்லை. எதிரே இருப்பது நடுத்தரச் சாம்பல் நிறம் என்ற கணக்கில்தான் ஒளிமானிகள் காலங்காலமாக வேலை செய்கின்றன. கரிய மணலால் சட்டத்தை நிரப்பினால் படத்தில் மணல் வெளிறிப்போகும். பிளஸ்-மைனஸ் பொத்தானை அழுத்திக்கொண்டு பின்சில்லைச் சுழற்றி ஒரு ஸ்டொப் குறைத்தால் கறுப்பு திரும்பும். சட்டம் நிறையக் கொக்குகள் என்றால் நேர்மாறாக, ஒரு ஸ்டொப் கூட்ட வேண்டும்.

இருண்ட கண்டல் பின்னணியில் ஒற்றைக் கொக்கு நின்றால் கதை வேறு. கமரா இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்ட, சிறகின் வரிகள் வெறும் வெள்ளையாகிவிடும். அங்கேதான் பிரகாசமான பகுதிக்கு முன்னுரிமை தரும் அளவுமுறை கைகொடுக்கிறது; இந்தக் கமராவை வாங்க அதுவே நல்ல காரணம். சிறகு தப்பும், மற்றதெல்லாம் இருளும். ரோ கோப்பாக எடுத்தால் அந்த இருட்டைப் பிறகு தாராளமாக மீட்கலாம்; ஜேபெக்கில் அவ்வளவு இடமில்லை.

பளபளக்கும் தண்ணீருக்கு முன்னால் கரைவலை இழுப்பவரின் முகம் வேண்டுமா? ஸ்பொட் முறைதான் சரி. சட்டத்தில் ஏறத்தாழ 1.5 வீதப் பகுதியை மட்டும் அது அளக்கும். ஆனால் அந்தப் புள்ளி ஃபோகஸ் புள்ளியோடு நகர்வது. 51 ஃபோகஸ் புள்ளிகளும் நடுவிலேயே நெருக்கியடித்து இருக்கின்றன. ஓரத்தில் நிற்பவரை நடுவுக்குக் கொண்டுவந்து அளந்து, அளவைப் பூட்டி, பிறகு சட்டத்தை நகர்த்த வேண்டும். ஓடும் வலைக்கு இது சரிப்பட்டு வராது.

பொழுதுபட்டபின் இன்னொரு வேடிக்கை. ஃபோகஸ் மைனஸ் 3 ஈவி வரை வேலை செய்யும். ஒளிமானியோ பூச்சியம் ஈவியோடு நின்றுவிடும். அதாவது மானி கைவிட்ட வெளிச்சத்தில் எட்டில் ஒரு பங்கு இருந்தாலே ஃபோகஸ் பிடித்துவிடும்! வள்ளத்து விளக்கை எடுப்பவர் மனுவல் முறைக்கு மாறி, ஒரு படம் எடுத்து ஹிஸ்டோகிராமைப் பார்த்துத் திருத்துவதே வழி. மிரர்லெஸ் கமராவில் எடுக்குமுன்பே வெளிச்சம் எப்படி விழும் என்று பார்த்துவிடலாம். இரவுப் படங்களே முக்கியம் என்பவர் அந்தப் பக்கம் போகலாம். பகலில் பறவை பார்ப்பவருக்கு டி750 இன்னும் போதும்.