காரணம் அறுந்த வியப்பு

ஒரு செய்தியை அது பிறந்த இடத்திலிருந்து கிள்ளியெடுத்து, இரண்டு மூன்று வரிகளில் வாசகரை வியக்கவைப்பது துணுக்கு. ஒரே பக்கத்தில் திரை நடிகையும் துருவப் பகுதியின் கொறி விலங்கும் பழைய காரும் விண்கலமும் அடுத்தடுத்து வரும். ஒன்றுக்கொன்று உறவு வேண்டியதில்லை. ஜார்ஜ் நியூன்ஸ் 1881இல் மான்செஸ்டரில் தொடங்கிய 'டிட்-பிட்ஸ்' வார இதழ் இந்த வகையை விற்பனைப் பண்டமாக்கியது. அமெரிக்காவில் ராபர்ட் ரிப்ளி 1918இல் தொடங்கிய 'நம்பினால் நம்புங்கள்' படத்தொடர் அதை உலகெங்கும் கொண்டுசென்றது. தமிழ் இதழ்களில் கட்டுரை முடிந்து மிஞ்சிய இடத்தை நிரப்பிய துணுக்கு, தமிழ்வாணனின் 'கல்கண்டு' இதழில் தனி மதிப்புப் பெற்றது. இன்று அது அரை நிமிடக் காணொலியாகவும் வாட்ஸ்அப் செய்தியாகவும் கைப்பேசிகளை நிறைக்கிறது.

இவ்வகை எழுத்துக்கு நிறைகள் உண்டு. நல்ல நூலகம் எட்டாத ஊர்களில் வார இதழின் துணுக்குப் பக்கமே பலருக்கு உலகத்தை அறிமுகம் செய்தது. சுருங்கச் சொல்லும் பயிற்சியை அது உரைநடைக்குத் தந்தது. உண்மையும் சுவையும் ஒருங்கே அமைந்த துணுக்குகளும் இருக்கின்றன. ஆபத்தில் விமானியைத் தூக்கி வெளியே எறியும் இருக்கைகளை வடிவமைத்த நில்ஸ் போலின்தான், 1959இல் வால்வோ நிறுவனத்தில், பயணியை இருக்கையோடு பிணைக்கும் மூன்று முனை சீட் பெல்ட்டையும் உருவாக்கினார் என்பது அத்தகைய ஒன்று. படித்தவர் எளிதில் மறக்கமாட்டார்.

துணுக்கை ஆதரிப்போரின் முக்கியமான வாதம் வேறு. துணுக்கு அறிவின் முதல் படி. அது ஆர்வத்தைத் தூண்டும். காரணத்தையும் விளக்கத்தையும் வாசகர் பிறகு தேடிக்கொள்வார் என்கிறார்கள். அரை நிமிடக் காணொலிகள் பெருகிய பின் இந்த வாதம் ஆசிரியர்கள் வாயிலும் பெற்றோர் வாயிலும் அடிக்கடி கேட்கிறது. இது தவறான வாதம். ஆர்வம் என்பது விடை தெரியாத கேள்வி. துணுக்கோ கேள்வி எழும் முன்பே விடையைக் கையில் திணித்துவிடுகிறது. வியந்து முடித்தவருக்குத் தேட எதுவும் மிச்சமில்லை. அவர் அடுத்த துணுக்குக்குப் போகிறார்.

போலின் செய்தியையே எடுத்துக்கொள்ளலாம். அந்தத் துணுக்கில் அவருடைய தொழில் மாற்றம் இருக்கிறது. அவர் செய்த வேலை இல்லை. அதற்கு முன் கார்களில் இருந்த இடுப்புப் பட்டையின் கொக்கி வயிற்றின் மேல் அமைந்தது. மோதலின்போது அது உள்ளுறுப்புகளை நசுக்கியது. மேலுடல் முன்னே பாய்வதையும் தடுக்கவில்லை. போலின் ஒரு பட்டையை மார்பின் குறுக்கேயும் மற்றொன்றை இடுப்பின் மேலும் செலுத்தி, இரண்டையும் இடுப்பின் பக்கவாட்டில் தாழ்வாக இணைத்தார். மோதலின் விசை விலா எலும்புகளிலும் இடுப்பெலும்பிலும், அதாவது தாங்கக்கூடிய இடங்களில், பரவியது. ஒரு கையால் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு அது எளிமையாகவும் இருந்தது. இந்தக் காரணத்தை அறிந்தவர் கீழ்ப்பட்டையை வயிற்றின் மேல் ஏற்றி அணியமாட்டார்; துணுக்கை மட்டும் படித்தவர் அணியக்கூடும். உண்மையான துணுக்கிலேயே இத்தனை இழப்பு.

பாதி உண்மையில் இழப்பு இன்னும் பெரிது. ஹாலிவுட் நடிகை ஹெடி லமார் வைஃபையைக் கண்டுபிடித்தார் என்ற துணுக்கு ஓயாமல் சுற்றுகிறது. நடந்தது இதைவிட வியப்பானது. ஆஸ்திரியாவில் ஆயுத உற்பத்தியாளர் ஒருவரை மணந்திருந்த லமார், அந்த மணத்தை முறித்துக்கொண்டு அமெரிக்கா வந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது, ரேடியோ அலையால் இயக்கப்படும் டார்பிடோவை எதிரி திசைதிருப்பாமல் காப்பது எப்படி என்று யோசித்தார். அவருடன் சேர்ந்தவர் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தைல். துளையிட்ட காகிதச் சுருளால் தானாக இசைக்கும் பியானோக்கள் பலவற்றை ஒரே நேரத்தில் இயக்கும் இசைப் படைப்பை எழுதியவர் அவர். கப்பலிலும் டார்பிடோவிலும் ஒரே மாதிரியான சுருள்களை ஒத்த வேகத்தில் சுழலவிட்டால், இரண்டும் ஒரே கணத்தில் அலைவரிசையை மாற்றிக்கொண்டே போகும். எந்த அலைவரிசையில் இடையூறு செய்வது என்று எதிரிக்குத் தெரியாது. பியானோவின் 88 கட்டைகளைப் போல 88 அலைவரிசைகள். இதற்கு 1942 ஆகஸ்டில் இருவருக்கும் காப்புரிமை கிடைத்தது. அமெரிக்கக் கடற்படை அப்போது இதைப் பயன்படுத்தவில்லை.

அலைவரிசை தாவும் உத்தி பிற்காலத்தில் ராணுவத் தொடர்பிலும் புளூடூத்திலும் இடம்பெற்றது. இன்றைய வைஃபை வேறு முறைகளில் இயங்குகிறது. அது பல நாட்டுப் பொறியாளர்களின் கூட்டு உழைப்பு. துணுக்கு இவை அனைத்தையும் வெட்டியது. ஆன்தைலை அழித்தது, பியானோச் சுருளை அழித்தது, பெயர் தெரியாத பொறியாளர்களையும் அழித்தது. லமாரின் உண்மையான அறிவுத்திறனை மறைத்து, அவர் செய்யாத ஒன்றை அவர் தலையில் ஏற்றியது. அவரைப் பெருமைப்படுத்துவதாக நினைத்துப் பகிர்கிறவர்கள் அவருக்கு அநீதி செய்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இதே வகையில் பெரிதும் பாதிக்கப்பட்டது தஞ்சைப் பெரிய கோயில். அதன் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பது தலைமுறைகளாக வழங்கிவரும் துணுக்கு. காலையிலோ மாலையிலோ கோயிலின் திருச்சுற்றில் நிற்கும் எவரும் நீண்டு கிடக்கும் நிழலைப் பார்க்கலாம். இந்த நம்பிக்கைக்கு ஓர் ஆதாரம் இருக்குமானால் அது நண்பகலில்தான். தஞ்சாவூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில் இருக்கிறது. ஆண்டில் பல மாதங்கள் நண்பகல் சூரியன் உச்சிக்கு மிக அருகில் நிற்கும். இரண்டு முறை நேர் உச்சிக்கே வரும். அகன்ற அடியிலிருந்து படிப்படியாகக் குறுகி எழும் விமானத்தின் குறுநிழல் அவ்வேளையில் பெரும்பாலும் அதன் உடல் மீதே அடங்கிவிடும். சூரியனின் பாதை, ஊரின் இருப்பிடம், கட்டடத்தின் சரிவு மூன்றையும் ஒரு பள்ளி மாணவருக்குக் கற்பிக்க இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. துணுக்கு அந்த வாய்ப்பை ஒரு மாயமாக்கி மூடிவிட்டது. கோயில் பணிக்கு அமர்த்தப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரையும் அவர்கள் குடியிருந்த தெருவையும் வீட்டையும் கோயிலின் கல்வெட்டுகள் குறித்து வைத்திருக்கின்றன. இல்லாத அதிசயத்தைத் தேடி அண்ணாந்து பார்ப்பவர்கள், இருக்கும் அதிசயத்தைச் சுவரில் படிக்காமலே திரும்புகிறார்கள்.

இயற்கையைப் பற்றிய துணுக்குகள், காரணத்தை வெட்டிவிடும் இந்தக் குறையால், உயிரினங்களையே கொச்சைப்படுத்துகின்றன. லெம்மிங் என்னும் சிறு கொறி விலங்குகள் கூட்டமாக மலை விளிம்பிலிருந்து குதித்துத் தற்கொலை செய்துகொள்ளும் என்ற கதைக்கு வலுவூட்டியது, டிஸ்னி நிறுவனத்தின் 'ஒயிட் வில்டர்னஸ்' (1958). அந்த ஆவணப்படம் ஆஸ்கர் விருதும் பெற்றது. அந்தக் காட்சி கனடாவின் ஆல்பர்ட்டாவில் செயற்கையாக அமைக்கப்பட்டது என்பதையும், வேறிடத்திலிருந்து கொண்டுவரப்பட்ட லெம்மிங்குகள் விளிம்பிலிருந்து தள்ளப்பட்டன என்பதையும் 1982இல் கனடாவின் சிபிசி தொலைக்காட்சி வெளிக்கொணர்ந்தது. லெம்மிங்குகளின் எண்ணிக்கை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிச் சரிகிறது. நெருக்கடியில் அவை இடம்பெயரும்போது சில நீரில் மூழ்குகின்றன. பனி ஆந்தையும் துருவ நரியும் இந்த ஏற்ற இறக்கத்தைச் சார்ந்தே வாழ்கின்றன. இவ்வளவு பெரிய உணவுச் சங்கிலிக்குப் பதிலாக வாசகர் கைக்குக் கிடைப்பது, தற்கொலை செய்யும் எலி.

விண்வெளியில் எழுத அமெரிக்கா பல லட்சம் டாலர் செலவிட்டுப் பேனா செய்தது, ரஷ்யர்கள் பென்சிலால் எழுதினார்கள் என்பதும் இதே இனம். தொடக்கத்தில் இரு நாட்டினரும் பென்சிலையே பயன்படுத்தினர். பென்சில் முனை உடைந்தால் மிதந்து திரியும், கரித்துகள் மின்சாரத்தைக் கடத்தும், மரம் எரியும். 1967 ஜனவரியில் அப்போலோ 1 கலத்துக்குள் மூண்ட தீ மூவரைப் பலிகொண்ட பின், எரியும் பொருள் எதுவும் அச்சத்துக்குரியதானது. பேனாவைச் சொந்தச் செலவில் உருவாக்கியவர் பால் ஃபிஷர் என்ற தனியார் உற்பத்தியாளர். நாசா அவரிடம் 400 பேனாக்களைக் குறைந்த விலைக்கு வாங்கியது. 1969இல் சோவியத் நாடும் வாங்கியது. மூன்று உயிர்கள் போன பின் எடுத்த முன்னெச்சரிக்கையை முட்டாள்தனமாகக் காட்டும் இந்தத் துணுக்கை மேடைப் பேச்சாளர்கள் இன்னும் அறிவுரையாகச் சொல்கிறார்கள்.

இத்தனை பிழைகளும் ஏன் சாகாமல் இருக்கின்றன என்பதற்கான விடையும் துணுக்கின் அமைப்பிலேயே இருக்கிறது. யார் சொன்னார், எப்படி அறிந்தார் என்பது அதில் இல்லை. ஆகவே திருத்தம் வந்தால் ஒட்டிக்கொள்ள இடமும் இல்லை. ரிப்ளிக்காக நார்பர்ட் பேர்ல்ராத் என்ற ஆய்வாளர் 1923 முதல் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நியூயார்க் பொது நூலகத்தில் உட்கார்ந்து செய்தி தேடினார். அப்படிப்பட்ட உழைப்பாளி இருந்தும், சீனப் பெருஞ்சுவர் நிலவிலிருந்து கண்ணுக்குத் தெரியும் என்று ரிப்ளியின் தொடர் 1932இல் எழுதியது. மனிதர் எவரும் விண்வெளிக்கே போகாத காலம் அது. 3,84,000 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மனிதக் கண் பிரித்தறியக்கூடிய பொருள் ஏறத்தாழ 110 கிலோமீட்டர் அகலமாவது இருக்க வேண்டும். சுவரின் அகலம் சில மீட்டர்கள். 2003இல் விண்ணுக்குச் சென்ற சீன வீரர் யாங் லிவேய், தமக்குச் சுவர் தெரியவில்லை என்றே சொன்னார். துணுக்கு அசையவில்லை.

விண்வெளிக்கு அனுப்பப்பட்ட நாய் லைக்காவின் கதை இன்னும் வருத்தமானது. 1957 நவம்பர் 3 அன்று ஏவப்பட்ட அந்த நாய் சுற்றுப்பாதையில் சில நாட்கள் உயிரோடிருந்ததாகச் சோவியத் தரப்பு சொன்னது. ஏவிய சில மணி நேரத்திலேயே வெப்பம் தாங்காமல் அது இறந்துவிட்டது என்பதை 2002இல்தான் ரஷ்ய அறிவியலாளர் திமித்ரி மலஷென்கோவ் வெளிப்படுத்தினார். பழைய துணுக்குகள் 'சோவியத் அறிவிப்பின்படி' என்ற இரண்டே சொற்களைச் சேர்த்திருந்தால், ஐயத்துக்கு ஒரு வாசல் திறந்திருக்கும்.

அறிவியல் தன் பிழையைக் கையாளும் விதம் வேறு. 2025 ஜனவரித் தொடக்கத்தில் சிறுகோள் மையம், 2018 சிஎன்41 என்ற பெயரில் புதிய சிறுகோள் ஒன்றை அறிவித்தது. அடுத்த நாளே அதைத் திரும்பப் பெற்றது. அது 2018 பிப்ரவரி 6 அன்று ஃபால்கன் ஹெவி ராக்கெட்டில் ஈலான் மஸ்க் அனுப்பிய டெஸ்லா ரோட்ஸ்டர் கார். நோக்கிய விவரங்களும் கணித்த பாதையும் வெளிப்படையாக இருந்ததால் பிழையைக் கண்டறிய முடிந்தது. காரைச் சிறுகோள் என்று நம்பிய செய்தியாகவே இது துணுக்குகளில் வந்தது. ஒரே நாளில் திருத்திக்கொண்ட முறை அவற்றில் இடம்பெறவில்லை.

துணுக்கு எழுதுவோரிடமும் காணொலி செய்வோரிடமும் கேட்கத்தக்கது மிகச் சிறிது: இதை யார், எப்படி அறிந்தார் என்று ஒரு வரி, ஏன் இப்படி நடக்கிறது என்று மற்றொரு வரி. அந்த இரண்டு வரிக்கு இடமில்லாத துணுக்கை வெளியிட வேண்டியதில்லை.