சாதாரணமாகப் பிரிந்துபோதல்

வீடியோ கேமை வைத்து நாவல் எழுதுவது மேற்கில் பழகிப்போன வியாபாரம். பெரும்பாலும் விண்வெளிப் படைவீரர்களும் துப்பாக்கிச் சண்டையும்தான். இலக்கியப் பத்திரிகைகள் இவற்றைச் சீந்துவதில்லை. அதனால் பெரிய நஷ்டமும் இல்லை. 2023இல் ரோஸி தோர் எழுதிய ‘லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச்: ஸ்டெஃப்ஸ் ஸ்டோரி’யை அப்படித் தள்ளிவிட முடியவில்லை. சியாட்டில் நகரில் ஸ்டெஃப் என்ற பெண்ணும் இஸ்ஸி என்ற பெண்ணும் காதலிக்கிறார்கள், சேர்ந்து பங்க் இசைக்குழு நடத்துகிறார்கள். இது நிலைக்காது என்பது கேமை ஆடியவர்களுக்கு முதல் பக்கத்திலேயே தெரியும். 2021இல் வெளிவந்த ‘ட்ரூ கலர்ஸ்’ கேமில் ஸ்டெஃப் வேறோர் ஊரில் இசைத்தட்டுக் கடை பார்த்துக்கொண்டு தனியாக இருக்கிறாள். இஸ்ஸி அங்கே பழைய காதலி. நாவல் சொல்வது அதற்கு முந்தைய கதை.

முடிவு தெரிந்த கதை நமக்குப் புதிதில்லை. அபிமன்யு சாகப்போகிறான் என்று தெரிந்தேதான் விடிய விடியக் கூத்துப் பார்க்கிறோம். ஆனால் பெண்ணைப் பெண் காதலிக்கும் கதைகளில் இங்கே முடிவு வேறு வகையில் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. ஒன்று கல்யாணம், இல்லாவிட்டால் சாவு. பத்மராஜனின் ‘தேசாடனக்கிளி கரையாறில்ல’ (1986) என்ற மலையாளப் படத்தில் ஓடிப்போன பள்ளி மாணவிகள் இருவரும் கடைசியில் பிணமாகக் கிடக்கிறார்கள். ஈழத்தில் பிறந்து அமெரிக்காவில் எழுதும் எஸ்.ஜே. சிந்துவின் ‘மேரேஜ் ஆஃப் எ தௌசண்ட் லைஸ்’ (2017) ஆங்கில நாவலில் லக்கி தன்பாலீர்ப்புள்ள ஓர் ஆணைப் பெயருக்குக் கட்டிக்கொண்டு ஊர்வாயை அடைக்கிறாள். அவளுடைய முதல் காதலி நிஷாவுக்கோ வீட்டில் மாப்பிள்ளை பார்த்தாயிற்று. சிந்து நன்றாக எழுதுகிறார். ஆனால் அவருடைய பெண்களும் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்ள நேரமில்லாமல் குடும்பத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள். தமிழிலேயே எழுதப்பட்டதில் லீனா மணிமேகலையின் ‘அந்தரக்கன்னி’ கவிதைகள் முன்னோடி. நாவலில் இடம் ஏறக்குறைய காலி.

எழுத்தாளர்களை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. 2008இல் சென்னையில் இரண்டு பெண்கள் சேர்ந்தே உயிரை விட்டார்கள். 2021இல் மதுரையிலிருந்து தப்பி வந்த ஜோடியின் வழக்கில், சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முதலில் தானே ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் தீர்ப்பு எழுதினார். தன்பாலீர்ப்பை ‘மாற்றுகிறேன்’ என்று செய்யப்படும் சிகிச்சைகளுக்குத் தடை வந்தது. 2025 மே மாதம் அதே உயர்நீதிமன்றத்தின் அமர்வு, வீட்டில் அடைத்துவைக்கப்பட்ட ஒரு பெண்ணை விடுவித்து, குடும்பம் அமையத் திருமணம் ஒன்றே வழியல்ல என்றது. உயிரோடிருக்கவே கோர்ட்டுக்குப் போக வேண்டியிருக்கையில், காதல் சலித்துப் பிரிவதைப் பற்றி யார் எழுதுவார்? ஸ்டெஃபுக்கு அந்த ஆடம்பரம் வாய்த்திருக்கிறது. அவள் காதல் முறிகிறது, அவள் முறியவில்லை. பிறகு வேறோர் ஊர், வேறொரு காதலுக்கும் இடம்.

ஸ்டெஃபின் பழைய ஊர் ஆர்கேடியா பே. 2015இல் வந்த ‘லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச்’ வரிசையின் முதல் கேம் நடப்பது அங்கேதான். மீன்பாடு குறைந்துபோன கடலோர ஊர், ஊரையே கையில் வைத்திருக்கும் பணக்காரக் குடும்பம், கரையொதுங்கும் திமிங்கலங்கள். கடைசியில் புயல் வருகிறது: தோழி குளோயியைக் காப்பாற்றுவதா, ஊரையா என்று ஆடுபவரே முடிவு செய்ய வேண்டும். இதைச் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் உட்கார்ந்து ஆடினால் கதை கற்பனையாகத் தோன்றாது. கப்பல் கட்டும் தளத்துக்காகக் குப்பம் இடம்பெயர்ந்தது. துறைமுகம் 2018இல் அதானி கைக்குப் போனது; 330 ஏக்கரை 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டம் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்தது. வலையும் படகும் கறுத்தன. இங்கே ஊரைக் காப்பாற்றும் பொத்தான் ஆடுபவர் கையில் இல்லை என்பதுதான் வித்தியாசம்.

தமிழ் வாழ்வு கேமாகாது என்று இனிச் சொல்ல முடியாது. டொராண்டோவிலிருந்து வந்த ‘வெண்பா’ (2023) இட்லி வேகவைப்பதையே ஆட்டமாக்கி, புலம்பெயர்ந்த குடும்பமொன்றின் கதையைச் சொல்லி, மறு ஆண்டு பாஃப்டா விருதும் வாங்கியது. அதிலிருந்து இரண்டு பெண்களின் கதைக்கு எட்டிவிடும் தூரம்தான். தடை வேறிடத்தில் இருக்கிறது. திருவொற்றியூர், ராயபுரம் பக்கம் மணிக்குக் காசு வாங்கிய வீடியோ கேம் கடைகளில் பெண்பிள்ளைகளைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. இப்போது போன் எல்லார் கையிலும் இருக்கிறது. அந்தப் பக்கத்துப் பெண்களில் யாராவது எழுதட்டும்.

எழுதினால், துறைமுகத்தில் ஒப்பந்த வேலைக்குப் போகிறவளும் காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கிறவளும் நேரம் ஒத்துவராமல் சண்டை போட்டுக்கொள்ளலாம். “நைட் ஷிப்ட்டுன்னு சொல்லிட்டு போனை ஆஃப் பண்ணா இன்னாடி அர்த்தம்?” என்று ஒருத்தி கேட்க, “விடியக்காத்தால மூணு மணிக்கு ஏலத்துக்குக் கெளம்புறவ நீ, எங்கிட்ட எப்போ பேசப்போற?” என்று மற்றவள் கேட்கலாம். வீட்டுக்காரர்களும் போலீசும் அந்த அத்தியாயத்தில் வரவே வேண்டாம்.