கீச்சொலிக்கு எந்த எண்ணெய்?

ரிமோட் காரின் சக்கரம் கீச்சிட்டால், திருவனந்தபுரத்து வீடுகளில் கை முதலில் தேடுவது தேங்காய் எண்ணெயைத்தான். கைக்கெட்டுவது அதுதான். ஆனால் அது சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். நாளானால் பிசுக்காகித் தூசியைப் பிடித்துவைக்கும்.

எனக்குப் பிடித்தது தையல் மிஷின் எண்ணெய். ஊசிமுனையில் ஒரு சொட்டு எடுத்து, பித்தளைப் புஷ்ஷுக்குள் அச்சு நுழையும் இடத்தில் வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றவேண்டும். கீச்சொலி மெலிந்து மெலிந்து இல்லாமல் போவதைக் கேட்பது தனி இன்பம்!

மூடிய கியர்ப் பெட்டியில் உலோகப் பற்களென்றால் வெள்ளை லித்தியம் கிரீஸ், பிளாஸ்டிக் பற்களென்றால் சிலிக்கோன் கிரீஸ். பெட்ரோலிய எண்ணெய்கள் சில பிளாஸ்டிக்குகளையும் ரப்பரையும் கெடுத்துவிடும். திறந்த பற்களோடு சங்குமுகம் கடற்கரையில் ஓட்டினால் கிரீஸே ஆகாது. மணலோடு குழைந்து அது பற்களை அரம்போல் ராவிவிடும். அங்கே கிராஃபைட் தூள் நல்லது. மின்சாரம் கடத்தும் என்பதால் மோட்டார் முனைகளுக்கு அருகே மட்டும் வேண்டாம்.

இதே ஊரில், வட்டியூர்க்காவிலுள்ள இஸ்ரோவின் நிலைம அமைப்புகள் பிரிவு செயற்கைக்கோள்களுக்கான சுழல்சக்கரங்களை உருவாக்குகிறது. வெற்றிடத்தில் சாதாரண எண்ணெய் ஆவியாகிவிடும். அதனால்தான் விண்வெளிக் கருவிகளில் மாலிப்டினம் டைசல்ஃபைடு போன்ற திட மசகுகளுக்கு அவ்வளவு மதிப்பு. 2023இல் நிலவில் ஊர்ந்த இஸ்ரோவின் பிரக்யான் ஊர்தியும் ஆறு சக்கர ரிமோட் வண்டிதானே! 26 கிலோ எடை, நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகம். சுமை, வேகம், தூசி, வெப்பம் என்று அங்கே கேட்கும் கேள்விகளைத்தான் மேசைமேல் கவிழ்த்துவைத்த சின்னக் காரிடமும் கேட்கிறோம்.