ஆற்றோடு ஒரு குடித்தனம்

ஹார்லான் ஹப்பர்ட் என்ற அமெரிக்கர் 1953இல் ஷான்ட்டிபோட் என்று ஒரு புஸ்தகம் வெளியிட்டார். ஒஹையோ, மிஸிஸிப்பி நதிகளில் ஏழைகள் குடியிருந்த படகுக் குடிசைக்குத்தான் அந்தப் பெயர். தட்டையான அடித்தளம், அதன்மேல் பலகையால் ஓர் அறை, ஓர் அடுப்பு, இயந்திரம் கிடையாது. தண்ணீர் போகிற திசைதான் படகு போகிற திசை. அந்த வாழ்க்கையை மறுபடியும் வாழ்ந்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இன்றும் இந்தப் புஸ்தகத்தைத் தேடிப் படிக்கிறார்கள். சரியாகப் படிக்கிறார்களா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

ஹப்பர்ட் 1900இல் கென்டக்கியில் பிறந்தவர். ஓவியர், தச்சு வேலையும் தெரிந்தவர். மனைவி அன்னா சின்சினாட்டி நகர நூல்நிலையத்தில் வேலை பார்த்தவர். 1943இல் கல்யாணம். மறுவருஷமே பிரென்ட் என்ற ஊருக்கருகே ஆற்றங்கரையில் படகு கட்டத் தொடங்கினார்கள். பிறகு குளிர்காலத்தில் நீர் பெருகி ஓடும்போது மிதந்து போவது, கோடையில் எங்காவது ஒதுங்கித் தோட்டம் போடுவது என்று வைத்துக்கொண்டார்கள். நியூ ஆர்லியன்ஸையும் தாண்டி, லூயிஸியானாவின் ஓடைகளில் அலைந்து, 1951இல்தான் பிரயாணம் முடிந்தது. ஆற்று மீனும் சொந்தக் காய்கறியும் சாப்பாடு. அடித்துவரும் கட்டைதான் விறகு. அவர் வயலின் வாசிப்பார், அன்னா செல்லோ. ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் கேட்பார்.

இதை எழுதுகிற விதத்தில்தான் ஹப்பர்டின் விசேஷம் இருக்கிறது. 1854இல் வெளிவந்த தோரோவின் வால்டனை அவர் நன்கு படித்தவர். ஆனால் தோரோ வாசகனோடு ஓயாமல் வாதாடுகிறார். குளக்கரையில் இரண்டு வருஷமும் இரண்டு மாதமும் இருந்ததை வைத்துக்கொண்டு ஊருக்கே வழி சொல்கிறார். ஹப்பர்டிடம் உபதேசம் இல்லை. ஒரு நீளக் கயிற்றில் தூண்டில் முள்களை எப்படி வரிசையாகக் கட்டினோம், மூடுபனியில் படகை எப்படிக் கரை சேர்த்தோம் என்று மட்டும் சொல்கிறார். எப்படி வாழ வேண்டும் என்பதை நாமே ஊகித்துக்கொள்ள விட்டுவிடுகிறார். கை வேலையை இவ்வளவு நிதானமாகச் சொல்லும் வசனம் அபூர்வம்.

ஆனாலும் ஒரு குறையைச் சொல்லத்தான் வேண்டும். அமெரிக்காவில் 1885இல் வெளிவந்த மார்க் ட்வெயினின் ஹக்கிள்பெரி ஃபின் நாவலிலும் இதே மிஸிஸிப்பிதான். அதில் தெப்பத்தின்மேல் ஹக்கோடு ஜிம் என்ற அடிமை இருக்கிறான். ஆகவே ஒவ்வொரு கரையிலும் ஆபத்து. ஆறு ஒரு தேசத்தின் பாவத்தையே சுமந்துகொண்டு போகிறது. ஹப்பர்டின் ஆற்றில் அப்படி யாரும் துரத்தி வருவதில்லை. பக்கத்துப் படகுக்காரர்களிடம் அவர் தொழில் கற்றுக்கொள்கிறார், அவர்களை அன்போடு வர்ணிக்கிறார். ஆனால் அவர்களில் பலர் ஆற்றுக்கு வந்தது ஆசையால் அல்ல. 1930களின் மந்த காலத்தில் வேலை போய், வாடகை கொடுக்க வழியின்றி வந்தவர்கள் உண்டு. ஊர்க்காரர்கள் அவர்களைக் கோழி திருடுகிறவர்கள் என்றார்கள். அவர் விரும்பி ஏற்ற எளிமை அவர்களுக்கு விதியாக வாய்த்தது. இந்த வித்தியாசத்தின்மேல் ஹப்பர்ட் சற்று நின்று யோசித்திருந்தால் புஸ்தகம் இன்னும் பெரிதாகியிருக்கும்.

மறுபடியும் அந்த வழக்கத்தைக் கொண்டுவர வேண்டும் என்கிறவர்கள் பழைய மாதிரியில் படகு கட்டி, கோடையில் சில வாரம் போய்வருகிறார்கள். நல்லதுதான். ஆனால் ஆறு பழைய ஆறாக இல்லை. ஒஹையோவில் 1929இல் கட்டி முடித்த அணை வரிசையில் பலகைத் தடுப்புகள் இருந்தன. வெள்ளக் காலத்தில் அவற்றைத் தண்ணீருக்கடியில் படுக்க வைத்துவிடுவார்கள், படகு மேலேயே போய்விடும். 1950களிலிருந்து அவற்றுக்குப் பதிலாக உயரமான நிலையான அணைகள் வந்தன. கடைசி இரண்டு பழைய அணைகளின் வேலையையும் 2018இல் ஓல்ம்ஸ்டெட் அணை ஏற்றுக்கொண்டது. ஓடிய நீர் இப்போது படிப்படியாகத் தேங்கி நிற்கிறது. மிதந்து போக இயந்திரம் வேண்டும். இயந்திரத்துக்குப் பணம் வேண்டும். பணத்துக்கு உத்தியோகம் வேண்டும். கரையில் ஒதுங்கலாம், தோட்டம் போடலாம் என்று அநுமதிக்கிற குடியானவனும் வேண்டும். படகைக் கட்டிவிடலாம், இவற்றை யார் கட்டித் தருவது?

ஹப்பர்ட் தம்பதிகளே படகைப் பிடித்துக்கொண்டு இருக்கவில்லை. முன்பு ஒரு கோடையில் ஒதுங்கிய பேய்ன் ஹாலோ என்ற ஆற்றங்கரைப் பள்ளத்துக்கே 1952இல் திரும்பி, வீடு கட்டி, மின்சாரமில்லாமல், அன்னா 1986இலும் அவர் 1988இலும் இறக்கும்வரை அதே மாதிரிதான் வாழ்ந்தார்கள். அந்த வாழ்க்கையைப் பற்றி அவர் 1974இல் பேய்ன் ஹாலோ என்ற புஸ்தகம் எழுதினார். படகு கட்டப் புறப்படுகிறவர்கள் முதல் புஸ்தகத்தோடு நின்றுவிடாமல் அதையும் படிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.