துகிலும் வேடமும்

செங்கல்பட்டு வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் விடிய விடியக் கூத்து. தொண்டை மண்டலத்தின் இந்தப் பாரதக் கூத்தை சசிகாந்த் அனந்தாச்சாரி ஆவணப்படமாக எடுத்திருக்கிறார். கூத்தில் என்னை எப்போதும் கட்டிப்போடுவது பெண் வேடம்தான். அரிதாரம் பூசி, சவுரி வைத்துச் சேலை கட்டித் திரைக்குப் பின்னிருந்து திரௌபதியாகப் பாடி வரும் ஆணை, ஊர்ப் பெண்கள் அம்மனாகவே கும்பிடுகிறார்கள். துகிலுரியும் காட்சியில் அவள் சேலையில் கை வைக்குமுன் துச்சாதனனும் சில ஊர்களில் கற்பூரம் ஏற்றி வணங்கிக்கொள்வான். முகவீணை உச்சத்துக்கு ஏறும்போது, வேடம் எது, ஆள் எது என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

ஆணும் பெண்ணும் கலக்கும் உருவம் கல்லிலும் உண்டு: மாமல்லபுரத்தில் திரௌபதி ரதம் நிற்கும் அதே வரிசையில், 7-ஆம் நூற்றாண்டின் தருமராஜ ரதத்தில், ஆண்பாதி பெண்பாதியான அர்த்தநாரியும் இருக்கிறார். ஆண், பெண் என்ற எல்லையைக் கடந்த வாழ்வும் மேடையேறியிருக்கிறது: பன்மை நாடகக் குழுவின் திருநர் கலைஞர்கள் சொந்த வாழ்க்கையையே நாடகமாக்கியிருக்கிறார்கள். அவர்களையும் எங்கள் கோயில் திடலுக்கு அழைக்க வேண்டும்.