பத்மினிக்குள் ஒரு நிசான்

காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கி மேலே போய்ச் சேரும்வரை கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பழைய ஃபியட்காரர்கள் அந்த வளைவுப் பலகைகளை ஜபமாலை உருட்டுவதுபோல எண்ணிக்கொண்டே ஏறுவார்கள். முதல் கியர், கொதிக்கும் ரேடியேட்டர், ஓரங்கட்டல், தண்ணீர் பாட்டில், மறுபடி முதல் கியர். என் பிரீமியர் பத்மினி அந்த மலையை இரண்டாவது கியரில் ஏறுகிறது. வளைவு முடிந்து சாலை கொஞ்சம் நேரானால் மூன்றாவது கேட்கிறது! டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டுவதில்லை. பின்னால் வந்த புத்தம்புது காரில் இருந்த பையன் மேலே நிறுத்தியதும் ஓடி வந்து, “அண்ணே, இதுல என்ன எஞ்சின் இருக்கு?” என்று கேட்டான். அந்தக் கேள்விக்காகவே இன்னொரு முறை இறங்கி ஏறலாம் என்று தோன்றியது.

பதில் இதுதான்: நிசான் ஏ12. 1,171 சிசி. பிரீமியர் 118என்இ காரிலிருந்து எடுத்தது.

இதில்தான் எனக்குப் பெருமை. எங்கிருந்தோ ஒரு ராட்சச எஞ்சினைத் தூக்கி வந்து சின்னக் காருக்குள் திணிக்கிற வேலை இல்லை இது. பத்மினியும் 118என்இயும் ஒரே கம்பெனி. 1964-ல் ஃபியட் 1100 டிலைட் என்று வந்து, பிரசிடெண்ட் ஆகி, 1974-ல் பத்மினி என்று பெயர் பெற்ற கார் மூத்தவள். ஃபியட் 124 உடம்பில் நிசான் எஞ்சினைப் பொருத்தி 1985-ல் வந்தது இளையவள். இரண்டுமே எஞ்சின் நெட்டுவாக்கில் உட்கார்ந்து பின்சக்கரத்தை ஓட்டுகிற கார்கள். தங்கையிடம் இருந்த நல்ல எஞ்சினை அக்காவுக்கும் கொடுத்திருக்கலாம். கடைசிக் காலத்தில் நிசான் கியர்பாக்ஸையும் தரை கியரையும் மட்டும் பத்மினிக்குக் கொடுத்தார்கள். பாதி சாப்பாடு போட்டுவிட்டு இலையை எடுத்த மாதிரி. மீதியைத் திருச்சிப் பட்டறைகள் பரிமாறின.

நான் செய்ததல்ல இந்த மாற்றம். ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் இருந்த ஒரு பெரியவர், தொண்ணூறுகளின் பிற்பகுதியில் செய்து வைத்து, ஆர்.சி. புத்தகத்திலும் புது எஞ்சின் நம்பரை முறையாக ஏற்றி வாங்கியிருந்தார். கண் பார்வை குறைந்ததும் எனக்குக் கொடுத்தார். “மாமா, விலை கொஞ்சம் ஜாஸ்தி” என்றேன். “கார் விலை கம்மிதான்டா, எஞ்சின் விலைதான் ஜாஸ்தி. வேணும்னா எஞ்சினை விட்டுட்டு காரை மட்டும் எடுத்துண்டு போ” என்றார். பேரம் அதோடு முடிந்தது.

பழைய ஃபியட் எஞ்சினைக் குறை சொல்ல மாட்டேன். 1,089 சிசியை வைத்துக்கொண்டு ஒரு தலைமுறையையே பெண் பார்க்கவும் பிரசவத்துக்கும் கூட்டிப்போன எஞ்சின் அது. ஆனால் 68 மில்லிமீட்டர் போர், 75 ஸ்ட்ரோக். பிஸ்டன் ஏறி இறங்க வேண்டிய தூரம் அதிகம். கிராங்க்கைத் தாங்க மூன்றே மெயின் பேரிங். வேகத்தைக் கூட்டினால் ஒரு கட்டத்தில் உடம்பு முழுக்க நடுங்கி, “போதும்டா” என்று சொல்லிவிடும். ஏ12-ல் கணக்கு தலைகீழ்: 73 போர், 70 ஸ்ட்ரோக், ஐந்து பேரிங். கிராங்க் வளைந்து கொடுக்க இடமே கிடையாது. சுற்றச் சுற்ற வழவழவென்று போகிறது. சக்தியும் சுமார் 40 குதிரையிலிருந்து 52-க்கு ஏறுகிறது. பன்னிரண்டு குதிரை அப்படியென்ன பெரிசு என்று சிரிக்காதீர்கள். காரின் எடை 900 கிலோகூட வராது. அதற்குக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சக்தி என்றால், சமயபுரம் தாண்டி பெரம்பலூர் பக்கம் லாரியை முந்தும்போது கால் கட்டைவிரலிலேயே தெரிந்துவிடும்.

வேகத்தைவிட எனக்குப் பிடித்தது அதன் நிதானம். சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றி, சிந்தாமணி வழியாகக் காவிரிப் பாலம் ஏறி, மாம்பழச் சாலையில் இறங்கி, அம்மா மண்டபத்துக் கூட்டத்துக்குள் நுழைந்தால் ஆள் நடக்கிற வேகம்தான். அந்த வேகத்திலும் இரண்டாவது கியரில் முனகாமல், உதறாமல் ஊர்கிறது. சித்திரை வீதியில் மாடு குறுக்கே நின்றால் கிளட்சைத் தொட்டுவிட்டுக் காத்திருக்கலாம். ஆஃப் ஆகிவிடுமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்வதில்லை.

வேலை எப்படி நடந்தது என்று பாலக்கரையில் எனக்கு வண்டி பார்க்கிற பாயிடம் கேட்டேன். அந்த வேலை நடந்த பட்டறையில் அவர் அப்போது ஸ்பானர் எடுத்துக்கொடுக்கும் பையன். எஞ்சினை இறக்கி ஏற்றுவது பெரிய விஷயமே இல்லையாம். அது உட்கார வேண்டிய இடத்தை உண்டாக்குவதில்தான் நாட்கள் போயிருக்கின்றன. மவுண்டிங் புதிதாக அடிக்க வேண்டும். ஆயில் சம்ப் குறுக்கே ஓடும் மெம்பரில் இடிக்காமல் பார்க்க வேண்டும். நிசான் கியர்பாக்ஸோடு வருவதால் ஸ்டியரிங் பக்கத்திலிருந்த ஹேண்ட் கியர் போய்விடுகிறது. தரையை வெட்டி கியர் ராடுக்கு வழி விட வேண்டும். ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டை அளவாக வெட்டி, மறுபடி பற்றவைத்து, பேலன்ஸ் பார்க்க வேண்டும். அதில் ஒரு நூல் பிசகினாலும் 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் முழுக்க அதிரும். “அதை லேத்துல கட்டி, டயல் வெச்சுப் பார்த்துத்தான் குடுத்தாங்க தம்பி. இன்னிவரைக்கும் கை வெக்கல” என்றார் பாய்.

இது வேறு ஊரில் இவ்வளவு சுத்தமாக நடந்திருக்குமா என்பது சந்தேகம். 1928-ல் பொன்மலைக்கு ரயில்வே பணிமனை வந்தது முதல் திருச்சிக்கு இரும்பு வேலை கைவந்த கலை. ஊட்டி மலை ரயிலின் நீராவி எஞ்சின்களை நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாற்றியதும் அதே பொன்மலைதான். அப்புறம் திருவெறும்பூரில் பெல் (BHEL) பாய்லர் தொழிற்சாலை வந்தது, அதைச் சுற்றி நூற்றுக்கணக்கில் பட்டறைகள். பாய்லர் குழாய்க்கு வெல்டிங் அடித்த கைக்கு ஃபியட் மவுண்டிங் எம்மாத்திரம்?

எஞ்சின் மாற்றம் என்றாலே முகம் சுளிக்கும் ‘ஒரிஜினல்’ பக்தர்கள் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்வேன்: கம்பெனிகளே இதைத்தான் செய்தன. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1,489 சிசி அம்பாசடருக்குள் 1,817 சிசி இசுசு எஞ்சினை வைத்தது. அதை ஓட்டியவர்கள் அதற்கப்புறம் பழைய அம்பாசடரைத் திரும்பிப் பார்க்கவில்லை. டாக்ஸிக்காரர்கள் மேட்டடார் டீசல் எஞ்சினைப் போட்டுக்கொண்டது தனிக் கதை. அது சிக்கனம், இது காதல். இங்கிலாந்தில் 1964-ல் சன்பீம் ஆல்பைன் என்ற சிறிய காருக்குள் ஃபோர்டின் 4.2 லிட்டர் வி8-ஐ இறக்கி ‘டைகர்’ என்று பெயர் வைத்துத் தயாரித்தார்கள். இடம் அவ்வளவு நெருக்கடி, ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற காருக்குள்ளிருந்து ஓட்டை வழியாகக் கையை விட வேண்டும். அந்தப் பாடு எனக்கில்லை. பானெட்டைத் திறந்தால் நாலு பிளக்கும் வரிசையாகச் சிரிக்கின்றன.

தலைகீழ் உதாரணமும் நம் மெட்ராஸிலேயே இருக்கிறது. 1985-ல் வந்த ஸ்டாண்டர்ட் 2000. ரோவரின் அழகான பெரிய உடம்பு. உள்ளே பழைய வான்கார்டு கார் வழிவந்த 1,991 சிசி எஞ்சின். அந்தக் குடும்பத்து எஞ்சின்தான் ஒரு காலத்தில் ஃபெர்குசன் டிராக்டரிலும் ஓடியது! வண்டி விற்கவில்லை. அழகான உடம்புக்குத் தகுந்த எஞ்சின் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அந்தக் கார் பாவம் தன் உயிரைக் கொடுத்துக் காட்டியது.

இப்போது நீங்கள் இதைப் புதிதாகச் செய்ய நினைத்தால் கிளம்புவதற்கு முன் ஆர்.டி.ஓ. வாசலை மிதியுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இருக்கிறது. தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இறுக்கிப் பிடித்துவிட்டது. 50 வயது தாண்டிய கார்களுக்கென 2021-ல் வந்த ‘விண்டேஜ்’ பதிவும் எனக்குக் கிடைக்காது. அதற்கு எஞ்சின் முதற்கொண்டு மூல வடிவிலேயே இருக்க வேண்டும். போகட்டும். நம்பர் பிளேட்டில் இரண்டு எழுத்து கூடுதலாக இருப்பதைவிட, கொல்லிமலையில் மூன்றாவது கியர் எனக்குப் பெரிசு.

ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுக் கொல்லையில், வேப்ப மரத்தடியில், துருப்பிடித்த 118என்இ ஒன்று கோழிக்கூடாகிக் கிடந்தால் அவசரப்பட்டு இரும்புக் கடைக்கு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். உடம்பை வேண்டுமானால் கோழிகளுக்கே விட்டுவிடுங்கள். எஞ்சினைத் தூக்க நானும் பாயும் செயின் பிளாக்கோடு வருகிறோம். ஸ்பேருக்கு ஒன்று வீட்டில் இருந்தால் நிம்மதியாகத் தூங்குவேன்.