கடைசி மனிதனும் ரத்தக் காட்டேரிகளும்

1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் புகை மண்டலம் உலகைச் சுற்றிப் பரவியதில், அடுத்த ஆண்டு ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை. விடாத மழையில் பயிர் அழுகியது. ஜெனீவா ஏரிக்கரை மாளிகை ஒன்றில் அடைபட்டுக் கிடந்த கவிஞர்கள் பைரன், ஷெல்லி, ஷெல்லியின் காதலி மேரி, பைரனின் மருத்துவர் ஜான் போலிடோரி ஆகியோர் பொழுதைப் போக்கப் பேய்க்கதை எழுதத் தொடங்கினார்கள். மேரியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ அங்கே கருவானது பலரும் அறிந்த செய்தி. பைரன் பாதியில் விட்ட கதையைப் போலிடோரி வளர்த்தெடுத்து எழுதி, 1819இல் வெளியான ‘தி வாம்பயர்’, பிரபு வேடமிட்ட ரத்தக் காட்டேரியை ஆங்கிலப் புனைகதைக்குள் கொண்டுவந்தது. மேரியோ 1826இல் ‘தி லாஸ்ட் மேன்’ நாவலில் கொள்ளைநோயால் மனித குலத்தைத் துடைத்தழித்து, ஒருவனை மட்டும் மிச்சம் வைத்தார்.

ரத்தம் குடிப்பவனும் கடைசி மனிதனும் இப்படி ஒரே வட்டத்திலிருந்து வந்தும், நூறாண்டுக்கு மேல் தனித்தனியாகவே திரிந்தார்கள். 1922இல் இயக்குநர் முர்னாவின் ‘நோஸ்ஃபெராட்டு’ படம் காட்டேரியோடு எலிகளையும் பிளேக்கையும் கப்பலில் ஏற்றி ஓர் ஊரை நாசமாக்கியது. ஆனாலும் ஊர்தான் அழிந்தது, உலகம் தப்பித்தது. இருவரையும் நேருக்கு நேர் நிறுத்தியவர் அமெரிக்க எழுத்தாளர் ரிச்சர்ட் மாத்திசன். பதின்வயதில் ‘டிராகுலா’ படம் பார்த்தபோது அவருக்கு ஒரு யோசனை தோன்றியது: ஒரு காட்டேரியே இவ்வளவு பயமுறுத்தினால், உலகம் முழுக்கக் காட்டேரிகள் என்றால்? அதுதான் 1954இல் ‘ஐ ஆம் லெஜண்ட்’ ஆனது. சிறிய நாவல். இந்தத் துறையில் பின்னால் வந்த எதுவும் அதைத் தாண்டவில்லை என்பது என் உறுதியான கருத்து.

அதன் பலம் பயத்தைவிட அன்றாடத்தில் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் தனித்து விடப்பட்ட ராபர்ட் நெவில் காலையில் எழுந்ததும் வீட்டைச் சுற்றி வருகிறான். இரவில் உடைந்த பலகையை மாற்றுகிறான். வாடிய பூண்டுச் சரங்களைக் கழற்றிப் புதியவற்றைக் கட்டுகிறான், ஜெனரேட்டரைப் பார்க்கிறான், கடைசல் எந்திரத்தில் மர முளைகளைச் சீவுகிறான். பிறகு தெருத் தெருவாகப் போய், தூங்கும் காட்டேரிகளின் மார்பில் அவற்றை அறைகிறான். இருட்டியதும் வீட்டுக்குள் இசைத்தட்டைச் சுழல விட்டு விஸ்கி குடிக்கிறான். வெளியே, ஒரு காலத்தில் அண்டை வீட்டு நண்பனாக இருந்த பென் கார்ட்மன், அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். ஒருநாள் நெவில் கைக்கடிகாரம் நின்றுபோனதைக் கவனிக்காமல் மனைவியின் கல்லறையில் இருந்துவிடுகிறான். அவ்வளவுதான், இருட்டுக்குள் வீடு திரும்புவதே உயிர்ப் போராட்டமாகிவிடுகிறது.

மாத்திசன் மந்திரத்தை ஒதுக்கிவிட்டு நுண்ணோக்கியைக் கையில் எடுக்கிறார். மனிதரைக் காட்டேரியாக்கும் நோய்க்குக் காரணம் ஒரு பாக்டீரியா. நெவில் நூலகத்துப் புத்தகங்களைப் படித்துத் தானே ஆராய்ந்து அதைக் கண்டுபிடிக்கிறான். வெயில் அந்தக் கிருமியைக் கொல்கிறது. சிலுவையைக் கண்டு அஞ்சுவது மனநோய் மட்டுமே; யூதனான கார்ட்மன் சிலுவைக்கு அசைவதில்லை, தோராவுக்குத்தான் பின்வாங்குகிறான். பிணமாக எழுந்தவர்களைத் தவிர, தொற்றோடு உயிர் வாழ்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் மருந்து கண்டுபிடித்துப் புதிய சமூகம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பகலில் வந்து கொல்லும் நெவிலுக்கு இந்த வேறுபாடு தெரியாது. அவன் கொன்றவர்களில் ஒருவன், அவனிடம் உளவு பார்க்க வந்த ரூத் என்ற பெண்ணின் கணவன். கடைசியில் சிறைப்பட்டவன், ஜன்னல் வழியே கூட்டத்தைப் பார்க்கிறான். தூங்கும் வேளையில் வந்து உயிரெடுக்கும் அரக்கன் அவர்களுக்கு அவன்தான்.

இந்தத் திருப்பத்தைத் திரையில் எதிர்கொள்ளும் துணிவு மூன்று படங்களில் எதற்கும் முழுதாக வாய்க்கவில்லை. வின்சென்ட் பிரைஸ் நடித்து 1964இல் வந்த ‘தி லாஸ்ட் மேன் ஆன் எர்த்’ ஓரளவு நெருங்கியது. ஆனால் திரைக்கதையில் தன் பெயர் இடம்பெறுவதை மாத்திசனே விரும்பாமல் புனைபெயர் போட்டுக்கொண்டார். 1971இல் சார்ல்டன் ஹெஸ்டன் நடித்த ‘தி ஒமேகா மேன்’ நாயகனை மீட்பராக்கியது. 2007இல் வில் ஸ்மித் நடித்த படத்துக்கு முதலில் எடுத்த முடிவில், தாக்க வந்த உயிரி, தான் பிடித்துவைத்த அதன் துணையை மீட்கத்தான் வந்திருக்கிறது என்று நாயகன் உணர்கிறான். முன்னோட்டக் காட்சியில் ரசிகர்களுக்கு அது பிடிக்காததால், அவன் குண்டோடு உயிர்த்தியாகம் செய்யும் முடிவை எடுத்து ஒட்டினார்கள். நாவலின் உயிர்நாடி அங்கேயே அறுந்தது. ஜார்ஜ் ரொமீரோ 1968இல் எடுத்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ படத்துக்கும் தூண்டுதல் இதே நாவல்தான். இன்றைய ஜாம்பிக் கதைகள் எல்லாம் காட்டேரிக் கதையின் கிளைகள் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள்.

மாத்திசனுக்குப் பிறகு வந்தவர்கள் வேறொரு கேள்வியைப் பிடித்துக்கொண்டார்கள்: உணவு தீர்ந்தால் காட்டேரி என்ன செய்யும்? ஸ்பீரிக் சகோதரர்கள் இயக்கிய ‘டேபிரேக்கர்ஸ்’ (2009) இதைப் பட்டவர்த்தனமாகப் பேசுகிறது. அதில் காட்டேரிகளே பெரும்பான்மை. அரசு, ராணுவம், அலுவலகம் எல்லாம் அவர்களுடையவை. மனிதர்களை வரிசையாக மாட்டிவைத்து ஒரு நிறுவனம் ரத்தம் உறிஞ்சுகிறது. மனிதர்கள் குறையக் குறைய, காபியில் கலக்கும் ரத்தத்தின் அளவையும் குறைக்கிறார்கள். கடை முன்னால் கலவரம் வெடிக்கிறது. பட்டினி கிடப்பவர்கள் வௌவால் போல உருமாறுகிறார்கள். அவர்களைச் சங்கிலியில் பிணைத்து வெயிலுக்கு இழுத்துப்போய் எரிக்கிறது ராணுவம். அந்தக் காட்சியில் கூட நின்ற சிப்பாய்களின் முகத்தைப் பாருங்கள், ரேஷன் அட்டை பறிபோன குடிமக்களை ஓர் அரசு எப்படி நடத்தும் என்பது புரியும். செயற்கை ரத்தம் கிடைத்தாலும் அசலுக்கு அதிக விலை கொடுக்கப் பணக்காரர்கள் இருப்பார்கள் என்று நிறுவனத் தலைவர் சொல்வதுதான் படத்தின் மையம். பிற்பாதி சண்டையில் கரைந்துபோவது வருத்தம்.

ஜஸ்டின் க்ரோனினின் ‘தி பேசேஜ்’ (2010), ‘தி ட்வெல்வ்’ (2012), ‘தி சிட்டி ஆஃப் மிரர்ஸ்’ (2016) என்ற மூன்று நாவல்கள் இதே பசியை மனிதர் பக்கமிருந்து காட்டுகின்றன. மரண தண்டனைக் கைதிகள் மேல் நடத்திய ராணுவ ஆராய்ச்சி, காட்டேரிகளை உருவாக்கிக் கைமீறிப் போகிறது. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்குப் பின், கலிஃபோர்னிய மலையில் மதிலுக்குள் வாழும் சிறு கூட்டத்தை இரவு முழுக்க எரியும் விளக்குகள்தான் காக்கின்றன. அவற்றுக்கு மின்சாரம் தரும் பேட்டரிகள் செத்துக்கொண்டிருக்கின்றன. இது ஒருசிலருக்கு மட்டுமே தெரியும், ஊருக்குத் தெரியாது. இந்த ரகசியத்தைவிடப் பெரிய திகில் அந்தப் பக்கங்களில் இல்லை. பிறகு, காட்டேரிக்குப் பலி கொடுத்து மற்றவர்கள் நிம்மதியாக வாழும் ஊர் வருகிறது. அடுத்த நாவலில் அடிமை முகாமே நடத்தும் ஆட்சி வருகிறது. மூன்றாவது நாவல் காதல் தோல்வியை எல்லாவற்றுக்கும் காரணமாக்கி நீர்த்துப்போகிறது.

கியர்மோ டெல் டோரோவும் சக் ஹோகனும் எழுதிய ‘தி ஸ்ட்ரெய்ன்’ வரிசையிலும் (2009–2011) சாகாவரம் வேண்டி உலகையே விற்கும் கோடீஸ்வரன் ஒருவன் உண்டு. ‘ஸ்டேக் லேண்ட்’ (2010) படத்தில் மதவெறிக் கூட்டம், மக்கள் கூடி மகிழும் ஊருக்குள் ஹெலிகாப்டரிலிருந்து காட்டேரிகளைக் கொட்டுகிறது. ஜப்பானில் ஹிடேயுகி கிகுச்சி 1983இல் தொடங்கிய ‘வாம்பயர் ஹண்டர் டி’ அணுப்போருக்குப் பிந்தைய காட்டேரிகளின் நிலப்பிரபுத்துவத்தைக் காட்டியது. 2012இல் தொடங்கிய ‘செராஃப் ஆஃப் தி எண்ட்’ மங்காவில் அநாதைக் குழந்தைகள் பாதாள நகரில் ரத்தம் கொடுத்து உயிர் வாழ்கிறார்கள். தப்பித்துப்போன சிறுவன் சேரும் மனிதப் படையும் குழந்தைகள் மேல் சோதனை நடத்திய கைதான்.

இத்தனையையும் சேர்த்துப் படிக்கும்போது, கடிக்கிற பல்லைவிட, ரத்தத்தைப் பங்குபோட்டுக் கொடுக்கும் தரகன்தான் இந்தத் துறையின் உண்மையான வில்லன் என்று எனக்குப் படுகிறது. காட்டேரிக்குப் பசி, வேறு வழியில்லை. தரகனுக்கு வழி இருந்தது. காட்டேரியையும் பசித்த உயிராக மதிக்கும் படைப்புகள் நிற்கின்றன. சுட்டுத் தள்ளும் பொம்மையாக்கியவை ஒருமுறை பார்த்ததோடு தீர்ந்துவிடுகின்றன.

புதிதாக உள்ளே வருபவர்கள் படங்களில் தொடங்க வேண்டாம். மாத்திசனின் நாவலை முதலில் படியுங்கள். அதன் பிறகு 2007 படத்தைப் பார்ப்பதென்றால், டிவிடியில் வெளியான அந்த முதல் முடிவோடு பாருங்கள்.